ஒருமனதாக நிறுத்திவைக்கப்பட்ட நோய்

உலகத்தில் எத்தனையோ ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. கோடி கோடியாகக் கொட்டியும் அவர்களால் முடியாத ஒன்றை எங்கள் பேரவை செய்து காட்டியது. ஒரு புற்றுநோயை, அதுவும் கொஞ்சம் முரட்டு ரகப் புற்றுநோயை, புரட்டாசி மாதம் ஒரே ஒரு தீர்மானம் போட்டு மாசி மாதம் வரைக்கும் இம்மியும் வளராமல் நிறுத்திவைத்தோம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஆளுக்கு இரண்டு உளுந்து வடை, ஒரு டபரா காப்பி. செலவு அவ்வளவுதான்.

இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சிரிக்காமல் கோபப்பட்டவர் ஒருவர்தான். என் பக்கத்து வீட்டுச் சாமிதுரை. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். "பர்ஸை வீட்டிலேயே வெச்சிட்டேன்" என்று சொன்ன பயணிகளைக் கேட்டுக் கேட்டு, மனிதர் வாயால் சொல்லும் எதையும் நம்பாத பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. மைக்கில் சொன்னால் மட்டும் நம்புவார்.

"சார், நீங்க ஈ.பி.லேருந்து ரிட்டயர் ஆனதுலேருந்து உங்க பேச்சுல வோல்டேஜ் ஜாஸ்தியாயிருச்சு. பாதியைக் கழிச்சுட்டுத்தான் கேக்கணும். அவ்வளவு பெரிய மனுஷங்க உக்காந்து அப்படி ஒரு தீர்மானம் போடுவாங்களா?"

போட்டார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ஆனால் அவர் நம்ப மறுத்ததற்குக் காரணம் என் வோல்டேஜ் இல்லை. அந்த நோய் அவருடைய தங்கை புருஷனுக்கு வந்த நோய்.

முதலில் எங்கள் பேரவையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர், பொன்னி வளநாட்டுக் கருணைப் பேரவை அறக்கட்டளை. தலைவர் இராஜாங்கம், கும்பகோணத்தில் அரிசி ஆலை வைத்திருப்பவர். கருணைச் செம்மல் என்பது அவருக்குப் பேரவை வழங்கிய பட்டம். பேரவையும் அவரே என்பதால் வழங்குவதில் சிரமம் இருக்கவில்லை. சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பக்கத்துப் பிள்ளைகள், அப்பாவைப் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள், ஒன்றுசேர்ந்து பணம் அனுப்பினார்கள். இந்த நோயை ஆரம்பத்திலேயே பிடித்து, ஆளை முடக்காமல் குணப்படுத்தும் வழியை ஆராய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை.

ஆராயப்போகிறவர் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் ஃபஹ்மிதா. ஒல்லியான பெண், சிரித்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடுகிற கெட்ட பழக்கம் உள்ளவர். வாரக்கணக்கில் கொடுக்கும் கதிர்வீச்சை ஐந்தே தடவையில், புராஸ்டேட் சுரப்பியைத் தவிர வேறெங்கும் படாமல் கொடுத்தால் என்ன என்பது அவருடைய ஆராய்ச்சி. ஆளுக்குச் சிறுநீர் ஒழுகாது, வயல் வேலை கெடாது. முதல் ஆளாக அவர் தேர்ந்தெடுத்தவர்தான் சாமிதுரையின் தங்கை புருஷன் பஞ்சநதம். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கடைமடையில் கொஞ்சம் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையும் பார்க்கிற விவசாயி. நோய் சுரப்பியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. ஆடி மாதம் கண்டுபிடித்தார்கள், ஆவணியில் தொடங்கிவிடலாம் என்றார் டாக்டர்.

இங்கேதான் எங்கள் பேரவை உள்ளே வந்தது. பேரவையின் விதிப்படி முதல் காசோலையை மேடையில்தான் கொடுக்க வேண்டும். மேடை என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும். சிறப்பு விருந்தினர் என்றால் சென்னையிலிருந்து வர வேண்டும். தஞ்சாவூரிலேயே இருப்பவர் எப்படிச் சிறப்பாக இருக்க முடியும்?

ஆவணியில் சென்னை விருந்தினருக்குத் தேதி இல்லை. கிடைத்த இடைவெளியில் நாங்கள் பதாகைக்கு வாசகம் யோசித்தோம். 'புராஸ்டேட்' என்று எழுதக் கூடாது என்று இராஜாங்கம் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"லேடீஸ் வர்ற விழா. கல்யாண மண்டப வாசல்ல அந்தப் பேரைப் போட்டா நல்லாவா இருக்கும்? அந்த இடத்துல ஒரு உறுப்பு இருக்குன்னே நம்ம குடும்பங்கள்ல பேசிக்கிறதில்லை."

டாக்டர் ஃபஹ்மிதா சிரித்துக்கொண்டே, "பேசிக்காததாலதாங்க எல்லாரும் முத்தின பிறகு வர்றாங்க" என்றார். அவர் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

நல்ல சொல் தேட ஒரு துணைக்குழு. துணைக்குழு கூடி, கலைந்து, மறுபடி கூடி, 'ஆடவர் ஆற்றல் காப்போம்' என்ற வாசகத்தைக் கண்டுபிடித்தது. கும்பகோணம் முதல் மன்னார்குடி வரை பதாகை வைத்தோம். மறுநாள் காலையில் பேரவை அலுவலக வாசலில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாரும் முகத்தைத் துண்டால் மறைத்திருந்தார்கள். லேகியம் கிலோவாகவா, டப்பாவாகவா என்று விசாரித்தார்கள். கூட்டம் பெரிய கோவில் மதிலைச் சுற்றிக்கொண்டு திரும்பி அலுவலகத்துக்கே வந்து, கடைசி ஆள் முதல் ஆளின் முதுகில் இடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ஒருவருக்கும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. புகைப்படம் மட்டும் எடுத்தோம். 'விழிப்புணர்வுக்குப் பெரும் வரவேற்பு' என்று மறுநாள் செய்தி வந்தது.

விழா ஐப்பசிக்குத் தள்ளிப்போனது. பொறுத்துக்கொண்டதற்காகப் பஞ்சநதத்துக்குப் பேரவை சார்பில் பொன்னாடை போர்த்தி, 'பொறுமைத் திலகம்' என்று பட்டம் கொடுத்தோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பொன்னாடையை விரித்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் கரண்ட்டு வெக்கணுங்களா?"

கதிர்வீச்சுக்கு அவர் வைத்திருந்த பெயர் கரண்ட்டு. இல்லை, இது மரியாதைக்கு என்றேன்.

"அப்ப வைத்தியம்?"

"அது விழாவுக்கு அப்புறம்."

"சரிங்க. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

இந்த 'முறை'யைப் புரிந்துகொண்டால்தான் அவரைப் புரியும். கடைமடையில் தண்ணீர் முறை வைத்துப் பாயும். ஒருவர் பாய்ச்சி மடையை அடைத்த பிறகுதான் அடுத்தவர் தன் மடையைத் திறப்பார். முறை வராமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஊரில் ஒருவரும் போக மாட்டார்கள். வந்த முறையை விட்டுவிட்டுப் போகிறவனும் அதே அளவுக்குக் கெட்டவன்தான். அவன் பாய்ச்சினால்தான் பின்னால் இருப்பவனுக்கு முறை தொடங்கும். அணையில் பூத்தூவித் திறந்த தண்ணீர் தன் வயலுக்கு வர ஒன்றரை மாதம் ஆனாலும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பொறுமை அவருக்குப் பிறப்பிலேயே இருந்தது. எங்கள் பேரவைக்கு இவரைவிடப் பொருத்தமான நோயாளி அகப்பட்டிருக்க மாட்டார்.

புரட்டாசியில் டாக்டர் ஃபஹ்மிதா செயற்குழுக் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

"பணத்தை வங்கியில போட்டுடுங்க, விழாவை எப்ப வேணா வெச்சுக்கங்க. இந்த நோய் சில பேருக்கு வருஷக்கணக்குல அசையாது. இவருக்கு வந்திருக்கிறது முரட்டு ரகம். சுரப்பியை விட்டு வெளியே வந்துட்டா எங்க ஆராய்ச்சியிலயும் சேர்க்க முடியாது, முழுசா குணமாக்கவும் முடியாது."

இராஜாங்கம் எழுந்தார். அவர் பேசும்போது எதிரே மைக் இல்லாவிட்டாலும் விரலால் இரண்டு தட்டு தட்டிக்கொள்வார்.

"டாக்டரம்மா சொல்றது அறிவியல். அறிவியலை நான் மதிக்கிறேன். என் சொந்த மச்சினிச்சியே பி.எஸ்சி. ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்குல்ல? அழைப்பிதழ்ல 'தொடக்க நிலை நோயாளி திரு. பஞ்சநதம்'னு கலர்ல அடிச்சாச்சு. தேதி மாறினா மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். நோயாளி நிலை மாறினா? எத்தனை ஸ்டிக்கர் ஒட்டுறது? பேரவையோட மானம் என்னாகிறது? அம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க. புற்றுநோய் எங்கேயும் போயிடாது. சிறப்பு விருந்தினர் போயிடுவாரு."

கைதட்டல் அடங்கியதும் தீர்மானத்தை அவரே படித்தார். "பயனாளி திரு. பஞ்சநதம் அவர்களின் நோய், விழா நிறைவுறும் நாள் வரை தொடக்க நிலையிலேயே நீடிப்பதாக இப்பேரவை கருதுகிறது."

எங்கள் பேரவையில் தீர்மானங்கள் காப்பி வந்த பிறகுதான் வாக்குக்கு வரும். ஒரு கையில் டபரா, இன்னொரு கையில் வடை. "எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்" என்பார் இராஜாங்கம். சூடான காப்பியை மடியில் கொட்டிக்கொள்ளும் அளவுக்குக் கொள்கைப் பிடிப்புள்ள உறுப்பினர் இதுவரை சேரவில்லை. அன்றைக்குக் காப்பி வேண்டாம் என்று சொன்னவர் டாக்டர் மட்டும்தான். அவர் கையைத் தூக்கினார். தலைக்கு மேல் நேராக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தூக்கியபடியே இருந்தார்.

"டாக்டரம்மா உறுப்பினர் இல்லை. ஒருமனதா நிறைவேறுச்சு" என்றார் இராஜாங்கம்.

மறுநாள் டாக்டர் தன் காரில் பஞ்சநதம் வீட்டுக்கே கிளம்பினார். வழி காட்ட நானும் போனேன். எதற்காகப் போகிறோம் என்று கேள்விப்பட்டு எங்களுக்கு முன்னாலேயே பேருந்தில் வந்து உட்கார்ந்திருந்தார் சாமிதுரை. நடவு நேரம். பஞ்சநதம் சேற்றுக்காலோடு வந்து முற்றத்தில் நின்றார்.

"விழாவுக்குக் காத்திருக்காதீங்க" என்றார் டாக்டர். "ஆராய்ச்சியை விடுங்க. ஆபரேஷனோ பழைய முறையில கதிர்வீச்சோ, காப்பீட்டு அட்டையிலயே பண்ணிடலாம். கொஞ்சம் சிரமம் இருக்கும். ஆனா ஆள் பொழைச்சுக்கலாம். இன்னைக்கே என்கூட கிளம்புங்க."

பஞ்சநதத்தின் மனைவி அம்சம் அதற்குள் ஒரு பையில் வேட்டியும் துண்டும் எடுத்து வைத்துவிட்டார். பஞ்சநதமும் கால் கழுவிக்கொண்டு, பையை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டார். அப்போதுதான் சாமிதுரை குறுக்கே வந்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. தலைவர் நேத்துச் சாயங்காலம் கும்பகோணத்துல மைக்கில சொன்னாரு. முதல் ஆளு நீங்கதான், நீங்க விலகிட்டா ஆராய்ச்சியே நின்னுரும், பின்னாடி யாருக்கும் கிடைக்காதுன்னு. ஐப்பசி இதோ வந்துருச்சு. அஞ்சு தடவையில சுகமா முடியறதை விட்டுட்டு ஏன் அறுத்துக்கிட்டு, டியூப் மாட்டிக்கிட்டு?"

"அண்ணே, டாக்டரே வந்து சொல்லுது. நீ மைக்கு சொல்றதைக் கேக்கச் சொல்றியே" என்றார் அம்சம்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு. பெரியவங்க பொய் சொல்லுவாங்களா?"

நான் தீர்மானத்தைப் பற்றிச் சொன்னேன். நோயை நிறுத்திவைத்து ஓட்டெடுத்திருக்கிறார்கள் என்றேன். சாமிதுரை என்னைப் பார்த்து, "சார், விளையாடுற நேரமா இது?" என்றார். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று தங்கை தலைமேல் கைவைத்துச் சொன்னார்.

பஞ்சநதம் டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நான் நகர்ந்துட்டா பின்னாடி உள்ளவங்களுக்கு முறை வராதுங்களா?"

"அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க. அவங்களை நான் பாத்துக்கறேன்."

"வராதுன்னு தலைவர் சொல்லியிருக்காரே." பையைக் கழற்றி அம்சத்திடம் கொடுத்தார். "இருக்கட்டும்மா. ஐப்பசிதானே."

டாக்டர் காரில் ஏறியபோது சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஐப்பசியில் அடைமழை, மேடை நனையும் என்று தள்ளினோம். இரண்டாவது பொன்னாடை. கார்த்திகையில் சிறப்பு விருந்தினர் வெளிநாடு போனார். மூன்றாவது. மார்கழியில் விழா வைக்கலாமா என்று ஜோசியரைக் கேட்டதற்கு, சாமி காரியம் தவிர எதுவும் கூடாது என்றார். பேரவையைச் சாமி காரியமாக அறிவிக்கலாமா என்று இராஜாங்கம் ஒரு வாரம் தீவிரமாக யோசித்தார். அந்த யோசனைக்கும் ஒரு பொன்னாடை. அம்சம் அவற்றை வைக்கோல் போருக்கு மேல் போட்டு மூடினார். ஜரிகை வெயிலில் மின்னி, அந்த வைக்கோல் போர் வேதாரண்யம் கலங்கரை விளக்கத்திலிருந்து தெரிந்ததாக மீனவர்கள் சொன்னார்கள். மிச்சத்தை மாட்டுக்குப் போர்த்தினார்.

"இனிமே துணி குடுக்கிறதா இருந்தா ஒரு மாட்டையும் சேர்த்துக் குடுங்கய்யா" என்றார் என்னிடம். "எங்ககிட்ட போர்த்திக்க ஆளில்லை."

தை பிறந்து அறுப்பு நடக்கும்போது பஞ்சநதத்துக்கு இடுப்பு வலித்தது. நெல் மூட்டை தூக்கியதால் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டார். வலி முதுகில் ஏறியது. ஒருநாள் வரப்பில் நடந்து வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் ஃபஹ்மிதா அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பாமலே பேசினார். எலும்புக்குள் போய்விட்டது. வலியைக் குறைக்கலாம், காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம்.

"முறை போயிருச்சுங்களா?" என்றார் பஞ்சநதம்.

டாக்டர் இப்போதுதான் திரும்பினார். அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மாசியில் விழா நடந்தது. நடந்ததா என்று கேட்காதீர்கள், அமோகமாக நடந்தது. மாதிரிக் காசோலை அவ்வளவு பெரிதாக இருந்ததால் மண்டபக் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. கழற்றியும் நுழையாமல், சுவரின் ஒரு பக்கத்தை இடித்ததாக நான் சொல்வேன். சிறப்பு விருந்தினர் வரவில்லை, காணொளி வாழ்த்து அனுப்பியிருந்தார். அதில் அவர் கண்தானத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். வேறொரு விழாவுக்கு எடுத்தது. கூட்டம் விடாமல் கைதட்டியது. சிலர் கண்ணைக் கொடுக்கவும் பெயர் கொடுத்தார்கள்.

பஞ்சநதத்தை நாற்காலியோடு தூக்கி மேடையில் வைத்தோம். வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லியும் வந்தார். கூப்பிட்டுவிட்டார்கள் என்றார். 'தொடக்க நிலை நோயாளி' என்று அறிவித்தார்கள், எழுந்து நின்று கும்பிடச் சொன்னார்கள். எழ முடியாததால் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை வாயருகே வைத்தார் இராஜாங்கம்.

பஞ்சநதம் கூட்டத்தைப் பார்த்தார். "எனக்குப் பாயலைங்க. பரவாயில்லை. மடையைத் திறந்து விட்டுருங்க. பின்னாடி இருக்கிறவங்களுக்காவது காயாம போய்ச் சேரட்டும்."

"அருமை!" என்றார் இராஜாங்கம். "விவசாயி விவசாயத்தைப் பத்தித்தான் பேசுறாரு பாருங்க!"

அடுத்த ஆடிப்பெருக்குக்கு முன்னால் பஞ்சநதம் போய்விட்டார்.

ஊரில் படத்திறப்பு வைத்தார்கள். பந்தல், மைக், மாலை, எல்லாம் எங்கள் பேரவை உபயம். இராஜாங்கம் படத்தைத் திறந்துவைத்து மைக்கை இரண்டு தட்டு தட்டினார்.

"பஞ்சநதம் சாதாரண நோயாளி இல்லை. நம்ம பேரவையோட நோயாளி. மருத்துவம் என்ன சொல்லுச்சு? நோய் வளரும்னு சொல்லுச்சு. நாம என்ன செஞ்சோம்? புரட்டாசி செயற்குழுவில, விழா முடியிற வரைக்கும் அவரோட நோய் தொடக்க நிலையிலேயே இருக்கும்னு ஒருமனதா தீர்மானம் போட்டோம். நானே வாசிச்சேன். விழா முடியிற வரைக்கும் பேரவையோட ஆவணங்கள்ல அவரை ஒரு நாள்கூட அடுத்த நிலைக்குப் போக நாங்க விடலை. அது நாங்க அவருக்குச் செலுத்தின மரியாதை!"

பந்தலில் சிலர் கைதட்டினார்கள். அம்சம் தலையை நிமிர்த்தித் தன் அண்ணனைப் பார்த்தார். "அப்ப எலும்பு வலிக்குதுன்னு எங்கிட்ட அழுதது யாருண்ணே?" என்றார். சத்தமாகக்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சாமிதுரை பந்தற்காலைப் பிடித்தபடி நின்றார். என் பக்கம் திரும்பவில்லை.

கூட்டம் கலைந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எங்களோடு காத்தான் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தனக்கும் அதே நோய், போன வாரம்தான் தெரிந்தது, சுரப்பிக்குள்ளேயே இருக்கிறதாம் என்றார். இந்த ஆண்டுப் பயனாளியாகத் தன்னைத் தலைவர் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், இரண்டாம் கட்டத் தொடக்க விழா முடிகிறவரை ஆஸ்பத்திரிப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகவும் பெருமையாகச் சொன்னார்.

"தேதி குடுத்திருக்காங்களா?" என்றேன்.

"சென்னையிலேருந்து வரணுமாம். வந்துருவாங்க."

நான் என் கதையை ஆரம்பித்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும். உலகத்தில் எவராலும் முடியாததை எங்கள் பேரவை செய்தது, ஒரு புற்றுநோயை வடையும் காப்பியும் கொடுத்து நிறுத்திவைத்தது என்றேன். காத்தான் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஐயா நல்லா வெளையாடுறீங்க. நோயைத் தீர்மானம் போட்டு நிறுத்துவாங்களா? படிச்சவங்க அப்படிச் செய்வாங்களா?" சிரிப்பு மாறாமல் சாமிதுரையிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க, இவரு சொல்றது நெசமா?"

பாதியைக் கழித்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். தூரத்தில் தஞ்சாவூர்ப் பேருந்து வந்துகொண்டிருந்தது. சாமிதுரை காலங்காலமான பழக்கத்தில் கையை நீட்டி அதை நிறுத்தினார். காத்தானின் தோளைப் பிடித்துப் படிக்கட்டின் பக்கம் திருப்பினார்.

"ஃபஹ்மிதான்னு ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நானே கூட்டிட்டுப் போறேன். விழாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"எங்க மாப்பிள்ளை பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பி நின்னாருங்க. நான்தான் உக்காரச் சொன்னேன்." சாமிதுரை அவர் கையை எடுத்துப் படிக்கட்டுக் கம்பியில் வைத்தார். "சார் சொன்னதுல கழிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை. நடந்துச்சுங்க. ஏறுங்க."